மூன்று வாரத் தொண்டர்

கருணையில் இரண்டு வகை உண்டு. நடந்து போகிற கருணை ஒன்று, விமானத்தில் போகிற கருணை இன்னொன்று. முதல் வகை நம் தெருவிலேயே எங்காவது அலைந்துகொண்டிருக்கும். அதற்குப் பெயரும் கிடையாது, படமும் கிடையாது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. இரண்டாவது வகைக்கு விசா வேண்டும், பதினான்கு பை வைத்த காக்கிச் சட்டை வேண்டும், கயிறு கட்டிய தொப்பி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல கேமரா உள்ள போன் வேண்டும். இந்த இரண்டாவது வகைக் கருணையைச் சுமந்து திரிகிற உயிரினத்துக்கு மூன்று வாரத் தொண்டர் என்று பெயர். மூன்று வாரம் ஏன்? அவ்வளவுதான் லீவு.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பால் திரிந்துபோய்விட்டது என்று அவர் காதுபட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

"பாலா? அங்க பிள்ளைங்க பாலைக் கண்ணாலயே பார்த்ததில்ல."

"எங்க?"

"ஆப்பிரிக்காவுல."

"ஆப்பிரிக்காவுல எங்க?"

"ஒரு கிராமம். சொன்னா உங்களுக்குத் தெரியாது."

தெரியாதது உங்களுக்கில்லை, அவருக்கு. ஐம்பத்துச் சொச்சம் நாடுகள் அடங்கிய ஒரு கண்டத்தையே ஒரு தெருவாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர். லிஃப்ட் நின்றுபோனாலும், மழை பெய்தாலும், பக்கத்து வீட்டில் குழந்தை அழுதாலும் அந்தத் தெருவை எடுத்து நம் முன்னால் விரித்துவிடுவார். தொண்டு செய்தவனுக்குக் கை வலிக்கும் என்பார்கள். இவருக்கு வலிப்பது தொண்டை.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவின் தலைவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் 'பயிற்சி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, உங்களால் முடியும், உங்களுக்குள் ஒரு சிங்கம் தூங்குகிறது என்று காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை சொல்லிக்கொண்டிருப்பது அவர் உத்தியோகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிங்கத்தோடு சேர்ந்து வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக இது நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் கெடுதல் இல்லாமல்.

கெடுதல் ஒரு கேள்வியாக வந்தது. பின் வரிசையில் இருந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், மரியாதையாகத்தான் கேட்டாள்: "சார், பயத்தைத் தாண்டி வா, வசதியை விட்டு வெளிய வான்னு சொல்றீங்க. நீங்க அப்படி எங்கயாவது போயிருக்கீங்களா?"

வகுப்பு சிரித்தது. பயிற்சி சாரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாக உள்ளே போய்விட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். ஐம்பத்திரண்டு வயதாகிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டர். அந்தப் பதினோரு கிலோமீட்டரைத் தவிர வாழ்க்கையில் எதைத் தாண்டினோம்? நியாயமான வருத்தம்தான். அந்த வருத்தத்தோடு வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்திருந்தால் மறுநாள் சரியாகியிருக்கும். அவர் இணையத்தைத் திறந்தார்.

திறந்ததும் ஒரு பெரிய கண்களுடைய குழந்தை அவரைப் பார்த்தது. 'எங்களோடு கைகோர்க்க வாருங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. ஒரு சமூகத் தொண்டு அமைப்பு: சின்ன மருத்துவ நிலையம், மூன்று அறைப் பள்ளிக்கூடம், ஒரு கிணறு. பயிற்சி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கம் பொய்யில்லை. நான் அவர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டுமில்லையா? ஆனால் கண் கலங்கிய அதே நிமிஷத்தில், காக்கிச் சட்டையில் தான் எப்படி இருப்போம் என்பதும் அவர் மனக்கண்ணில் வந்து நின்றது. அதுவும் பொய்யில்லை.

விண்ணப்பத்தில் ஒரு பட்டியல் இருந்தது. உங்களுக்குத் தெரிந்த வேலையைக் குறிக்கவும்: நர்ஸ் வேலை, தண்ணீர் பம்பு பழுது பார்த்தல், தச்சு, தையல், கணக்குப் பாடம், கனரக வாகனம் ஓட்டுதல். பயிற்சி சார் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். பிறகு 'இதர' என்ற இடத்தில் 'தலைமைப் பண்பு' என்று எழுதினார்.

செய்தி தெருவெல்லாம் பரவியது. அவரேதான் பரப்பினார். நான்கு தெரு தள்ளி இருக்கும் அவருடைய அக்காவுக்கு அந்த வாரம் கண் ஆபரேஷன். கணவரை இழந்தவர், துணைக்கு ஆள் இல்லை. போன் செய்தார்.

"தம்பி, வியாழக்கிழமை கொஞ்சம் கூட வர்றியா? கண்ணைக் கட்டிவிட்டுருவாங்களாம். தனியா எப்படி வீட்டுக்கு வர்றதுன்னு தெரியல."

"அக்கா, நான் ஆப்பிரிக்கா போறேன்க்கா. அங்க கண்ணு தெரியாத ஜனங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

"அப்ப சரிப்பா. பத்திரமாப் போயிட்டு வா" என்று அக்கா போனை வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது பயிற்சி சாரின் மகள். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள்.

புறப்படுகிற அன்று அவர் மகளை அணைத்துக்கொண்டு, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்மா" என்றார்.

"நான் தானாத்தான்ப்பா வளர்ந்தேன்" என்றாள் மகள்.

மனைவி சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போனார். முப்பது கிலோ பெட்டியின் உள்ளடக்கம் அவருக்குத்தான் தெரியும், அடுக்கியது அவர்தானே. மூன்று விதக் கொசு மருந்து, வெயில் களிம்பு, கை கழுவும் திரவம், அங்கே எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதற்காக மூன்று வாரத்துக்கான சத்து பிஸ்கட்டும் டப்பாவில் அடைத்த மீனும். பிள்ளைகளுக்குக் கொடுக்க நான்கு கிலோ பேனா. அந்த நான்கு கிலோதான் தொண்டு. மிச்சம் இருபத்தாறு கிலோவும் தொண்டர்.

இரண்டு விமானம், ஒரு பஸ், கடைசியில் அமைப்பின் பழைய ஜீப். மண் நிறத்தில் ஒரு கட்டடம், தகரக் கூரை, முன்னால் ஒரு பெரிய மரம். ஜீப்பிலிருந்து இறங்கியதும் பயிற்சி சார் குனிந்து மண்ணைத் தொட்டார். அவர் எதையோ கீழே போட்டுவிட்டாராக்கும் என்று நினைத்து டிரைவரும் குனிந்து தேடினார்.

அமைப்பை நடத்துகிற பொறுப்பாளர் அறுபது வயதுப் பெண்மணி. பழைய பள்ளிக்கூட ஆசிரியை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். இருவருக்கும் பொதுவாக ஒரு அரைகுறை ஆங்கிலம் இருந்தது; அதை நம் பேச்சிலேயே தருகிறேன்.

"வாங்க. ஜீப் ஓட்டுவீங்களா?"

"லைசென்ஸ் இருக்கு. ஆனா வீட்டுல டிரைவர் இருக்கிறதால..."

"பம்பு ரிப்பேர்?"

"அது... பிளம்பர்தான் வருவார்."

"கணக்குப் பாடம்? ஏழாவது பிள்ளைங்களுக்கு வாத்தியார் இல்ல."

"பின்னத்துல கொஞ்சம் தகராறு."

"சரி, அப்ப உங்க தொழில்தான் என்ன?"

பயிற்சி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மக்களை ஊக்கப்படுத்துறது."

பொறுப்பாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். விடியலுக்கு முன்பே கிளம்பி, முதுகில் ஒன்று கையில் ஒன்று என்று குழந்தைகளோடு ஒன்பது மைல் நடந்து வந்த பெண்கள் மருத்துவ நிலையத்தின் வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"ஊக்கத்துக்கு இங்க குறைச்சல் இல்ல. வேற ஏதாவது தெரியுமா?"

கடைசியில் மருந்து வைக்கும் அறையைக் காட்டினார். நன்கொடையாக வந்த மருந்துப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. காலாவதி தேதி பார்த்துப் பழையதைத் தனியாகவும் புதியதைத் தனியாகவும் பிரிக்க வேண்டும். அங்கிருந்தவர்களுக்கு நேரமில்லாமல் ஏழு மாதமாகக் கிடக்கிற வேலை. படிக்கத் தெரிந்தால் போதும். பொறுமை இருந்தால் இன்னும் நல்லது.

படிக்கத் தெரிந்தது. முதல் நாள் நான்கு பெட்டி பிரித்தார். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் அவருக்கு ஓர் உண்மை உறைத்தது: மருந்து அறையில் வெளிச்சம் இல்லை. படம் எடுத்தால் இருட்டாக விழுகிறது. அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரைப் பார்த்து ஊரில் யார் உருகப்போகிறார்கள்? நான்காம் நாள் பேனாக்களோடு பள்ளிக்கூடம் போனார்.

நான்கு கிலோ பேனாவை அவர் ஒழுங்காக வரிசையில் நிறுத்திக் கொடுத்திருக்கலாம். படத்தில் உற்சாகம் தெரிய வேண்டும் என்பதற்காக மேலே வீசினார். அடுத்த கால் மணி நேரத்தில் ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது, ஒரு பெண்ணுக்குச் சட்டை கிழிந்தது, ஆசிரியருக்குக் குரல் கிழிந்தது. மறுநாள் அவரே வகுப்பெடுத்தார்; ஆசிரியர் மொழிபெயர்த்தார். எல்லோரும் கண்ணை மூடி உங்கள் கனவைப் பாருங்கள் என்றார். பிள்ளைகள் கண்ணை மூடின. முன் வரிசைச் சிறுமி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "இது முடிஞ்சதும் கணக்கு நடத்துவாங்களா?" என்று ஆசிரியரைக் கேட்டாள். பயிற்சி சாருக்கு அந்த மொழி தெரியாது. "எவ்வளவு ஆர்வம் பாருங்க!" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

இதற்கிடையில் அவரைக் காப்பாற்றுவது அங்கே ஒரு முழுநேர வேலையாகிவிட்டது. அவருக்குத் தனியாகத் தண்ணீர் காய்ச்ச வேண்டும். மாலையில் அவர் வழி தவறி எங்காவது போய்விட்டால் டிரைவர் போய்த் தேட வேண்டும். அவர் படுத்திருந்த அறை, கொசுவலை கட்டிய ஒரே அறை, அங்கிருந்த நர்ஸுடையது. நர்ஸ் மூன்று வாரமாக மருந்து அறையில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தார். அந்த ஒரு நர்ஸ்தான் சுற்றியுள்ள ஏழு கிராமத்துக்கும். முப்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார், வேகமாக நடப்பார். 'என் அறை எளிமையானது, ஆனால் நிம்மதியானது' என்று பயிற்சி சார் படத்தோடு எழுதி ஊருக்கு அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மலைமேல் ஒரு கிராமம் இருக்கிறது. மாதத்தில் ஒரே ஒரு நாள் நர்ஸ் அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போவார். மருந்து நகரத்துக் கிடங்கிலிருந்து முதல் நாள் மாலை வந்துவிடும். நீல நிறப் பெட்டி, உள்ளே ஐஸ். ஐஸ் உருகுவதற்குள் ஊசி போட்டு முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து வீண். ஜீப்பில் போனால் ஒரு மணி நேரம். நடந்தால் ஐந்து மணி நேரம். அன்று நாற்பத்தொரு குழந்தைகள் காத்திருந்தார்கள். பக்கத்து ஊரில் அம்மை பரவுகிறது என்று செய்தி வந்திருந்ததால் தாய்மார்கள் வயல்வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று காலை பயிற்சி சாருக்கு வயிறு கலங்கிவிட்டது.

அங்கத்திய சோற்றில் கை வைக்கவேயில்லையே, எப்படி? பன்னிரண்டு நாள் வெயிலில் பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்த டப்பா மீன். அதைத் திறந்து பாதி தின்றுவிட்டு, மீதியை மூடி வைத்து, மறுநாள் தின்றிருக்கிறார். ஊர்க்காரர்கள் எல்லோரும் சுடச்சுடச் சமைத்ததைத் தின்று கல்லுக்குண்டாக இருந்தார்கள். சுத்தத்தைக் கடைப்பிடித்தவர் சுருண்டு கிடந்தார்.

நர்ஸ் வந்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார். "ஒண்ணுமில்ல. இந்த உப்பு சர்க்கரைப் பொடியத் தண்ணியில கலக்கிக் குடிங்க. மத்தியானத்துக்குள்ள சரியாப் போயிடும்."

"உப்பு சர்க்கரையா?" பயிற்சி சார் எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு டாக்டர் வேணும். நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு!"

"ஜீப் இப்ப மலைக்குப் போகணும்" என்றார் பொறுப்பாளர். "சாயங்காலம் வந்ததும் அனுப்புறேன்."

"சாயங்காலம்வரைக்கும் நான் இருப்பேனா? எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? தூதரகத்துக்குப் போன் போடவா?"

பொறுப்பாளர் அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பயப்படுகிற ஆளில்லை அவர். ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் விசாரணை வரும், அமைப்பின் அனுமதி போகும், வாசலில் நிற்கிற வரிசை எங்கே போகும்? இந்தக் கணக்கைப் போட அவருக்கு அரை நிமிஷம் ஆனது. நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் நீலப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

பயிற்சி சாரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப் கொஞ்ச தூரத்திலேயே நர்ஸை எட்டிப் பிடித்தது. அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் நகரம். டிரைவர் வண்டியை நிறுத்தாமல் மெதுவாக்கினார்.

"சார், மலை அடிவாரம்வரைக்கும் அவங்களை விட்டுட்டு வந்துடலாமா? போக வர அரை மணி நேரம். அவங்களுக்கு ரெண்டு மணி நேர நடை மிச்சமாகும்."

பயிற்சி சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். உண்மையில் அப்போது வலி குறைந்திருந்தது. குறைந்தது அவருக்கும் தெரிந்தது.

"அரை மணி நேரமா?" என்றார்.

டிரைவர் வண்டியை வலப்பக்கம் திருப்பினார்.

ஜன்னல் வழியாகப் பயிற்சி சார் பார்த்தார். வெயிலில் அந்தப் பெண் நடந்துகொண்டிருந்தார். ஒரு கை பெட்டியைப் பிடித்திருந்தது. ஜீப்பின் சத்தம் கேட்டுத் திரும்பி, இன்னொரு கையைத் தூக்கி அசைத்தார். போய் வாருங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல. அந்த ஒரு நொடியில் பயிற்சி சாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யார் யாருக்கு உதவி செய்ய வந்தது, யார் யாருடைய அறையில் படுத்திருப்பது, யார் நடக்க யார் வண்டியில் போவது, எல்லாம். முகம் சுட்டது. வண்டியைத் திருப்பு என்று சொல்ல வாய்கூடத் திறந்தது.

புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. போனை எடுத்து ஒரு படம் எடுத்தார்.

நல்ல படம். அதையும் சொல்லிவிட வேண்டும். சிவந்த மண் பாதை, தூரத்தில் மலை, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண், தலையில் நீலப் பெட்டி.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார். உப்பு சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது.

மலையில் என்ன ஆனது என்பது மறுநாள் தெரிந்தது. நர்ஸ் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் காத்திருந்து அலுத்துத் திரும்பிவிட்டார்கள். ஆள் அனுப்பிக் கூப்பிடுவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. பொறுப்பாளர் பயிற்சி சாரிடம் சத்தம் போடவில்லை.

"நாப்பத்தொண்ணுல பத்தொம்பது பேருக்குத்தான் போட முடிஞ்சுது."

"பத்தொம்பதா! அதுவே பெரிய விஷயம்தானே?" என்றார் பயிற்சி சார். "எப்பவும் நிறைஞ்ச பாதிய பார்க்கணும் மேடம்."

"அந்தக் காலிப் பாதியில இருபத்திரண்டு பிள்ளைங்க இருக்கு" என்றார் பொறுப்பாளர். "அம்மை வந்தா, நீங்க போய் ஊக்கப்படுத்துறீங்களா?"

அடுத்த மாதம்தான் மறுபடி மருந்து வரும். அம்மை அதற்குள் வந்ததா, வரவில்லையா? பயிற்சி சாருக்குத் தெரியாது. அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியவர் ஆளே மாறிப்போயிருந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. பேசும்போது நடுவில் நிறுத்தித் தூரத்தில் பார்க்கப் பழகிக்கொண்டார். கையில் ஒரு கயிற்று வளையம்; விமான நிலையக் கடையில் வாங்கியது, கேட்டால் 'ஒரு தாய் கட்டிவிட்டது'. அலுவலகத்தில் பேசினார், மகளின் கல்லூரியில் பேசினார், பல் டாக்டரின் வரவேற்பறையில் பேசினார். ஒன்பதாவது பேச்சு, குடியிருப்போர் சங்கத்தின் கூட்ட அறையில். திரை கட்டி, நாற்காலி போட்டு, முன்வரிசையில் மனைவியையும் மகளையும் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தப் படம் திரையில் வந்தது. பயிற்சி சார் வழக்கம்போல நிறுத்தினார். தூரத்தில் பார்த்தார்.

"இந்தத் தாயைப் பாருங்க. குடிக்கிற தண்ணிக்காக, கொளுத்துற வெயில்ல, அஞ்சு மணி நேரம் நடக்கிறாங்க. இவங்களைப் பார்த்த அன்னைக்குத்தான் நான் மனுஷனானேன்."

அறையில் உச்சுக்கொட்டும் சத்தம் எழுந்தது. சங்கச் செயலாளர் கைக்குட்டையை எடுத்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நகராட்சி மருத்துவமனையில் தடுப்பூசி போடுகிறவர். வேலை முடிந்து வருகிற வழியில் பக்கத்து வீட்டுக்காரி இழுத்ததால் வந்திருந்தார். யாரையும் மடக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், அது தண்ணி இல்லியே. தடுப்பூசிப் பெட்டிதானே? நாங்களும் அதேதான் வச்சிருக்கோம்."

பயிற்சி சார் திரும்பித் திரையைப் பார்த்தார், முதல் முறையாகப் பார்ப்பது போல. "அப்படியா... ஆமா. தடுப்பூசிதான். தண்ணிங்கிறது ஒரு குறியீடு."

"ஆனா அதை அஞ்சு மணி நேரம் தலையில வச்சு நடந்தா ஐஸ் நிக்காதே சார். அவங்ககிட்ட வண்டி இல்லியா?"

"வண்டி இருக்கு. அன்னைக்கு வேற ஒரு அவசரத்துக்குப் போயிருந்துது."

"தடுப்பூசிய விட அவசரமா? என்ன சார் அவசரம்?"

நாற்பது பேர் அவரைப் பார்த்தார்கள். மனைவி அவரைப் பார்த்தார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து, செத்துப் பிழைத்தேன் என்று பதினேழு நிமிஷம் போனில் அழுததைக் கேட்டவர் அவர்தானே? மகள் தரையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். சொல்லியிருந்தால் ஒன்பது பேச்சில் ஒன்றாவது உண்மையான பேச்சாக இருந்திருக்கும்.

"ஒரு நோயாளிய உடனடியா நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்துது" என்றார் பயிற்சி சார்.

"அய்யோ பாவம். பிழைச்சாரா?"

"பிழைச்சுட்டார்."

செயலாளர் கைதட்டினார். அறை முழுவதும் கைதட்டியது. தடுப்பூசிக்காரப் பெண்ணும், ஒரு உயிர் பிழைத்த சந்தோஷத்தில், தட்டினார். கைதட்டாத இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும்போது மனைவி மெதுவாகக் கேட்டார்:

"பிழைச்சுட்டார்னு சொன்னீங்களே, நிச்சயமாத் தெரியுமா?"

பயிற்சி சார் அன்று இரவு சாப்பிடவில்லை. நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது. இந்த முறை மீன் இல்லை.

சரி, திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பத்தாவது பேச்சில் அந்தப் படத்தை எடுத்துவிட்டுச் சூரிய அஸ்தமனத்தைப் போட்டார். சூரியனைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. அடுத்த வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பித்தார். பொறுப்பாளரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த வருஷம் எங்களுக்கு ஒரு பம்பு மெக்கானிக்கும் ஒரு கணக்கு ஆசிரியரும் தேவை. தெரிந்தவர்கள் இருந்தால் அனுப்பி வையுங்கள்.' பயிற்சி சார் அதை இரண்டு முறை படித்தார். தெரிந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு பம்பு மெக்கானிக் இருக்கிறார், வெளிநாடு போக யாராவது கூப்பிடமாட்டார்களா என்று ஏங்குகிறவர். பயிற்சி சார் அவரிடம் சொல்லவில்லை. "அந்த அமைப்பு முன்ன மாதிரி இல்ல, மனுஷ மதிப்பு தெரியல" என்று எல்லோரிடமும் சொன்னார். இப்போது வேறொரு அமைப்பின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அதில் வேலைப் பட்டியலே கிடையாது. சட்டை அளவு மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் தலையை ஆட்டிக்கொண்டே படித்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று முகங்கள் இதற்குள் வந்து போயிருக்கும். அவர்களுக்கு இதை அனுப்பி வைக்கலாம் என்றுகூட விரல் துடிக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. நீங்கள் கடைசியாக ஒருவருக்குச் செய்த பெரிய உதவியை நினைத்துப் பாருங்கள். வந்துவிட்டதா? உடனே வந்துவிட்டதா? என்ன கிழமை, எவ்வளவு வெயில், நீங்கள் என்ன சட்டை போட்டிருந்தீர்கள், அங்கே நின்றவர்கள் உங்களைப் பற்றி என்ன சொன்னார்கள், எல்லாமே நினைவிருக்கிறதா? நல்லது.

உதவி வாங்கிக்கொண்டவர் பெயர் என்ன?

யோசியுங்கள். அவசரமில்லை, நானும் என்னுடையதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.